பொருள் எப்படிக் கைமாறியது? திருட்டுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்கள்

"ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்து 50 பவுன் நகை கொள்ளை." தமிழ் நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் பழகிப்போன வரி இது. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் கை தானாக 'ராபரி' என்று எழுதிவிடும். மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கிப் பார்த்த மூத்த ஆசிரியர், "வீட்டில் அப்போது யார் இருந்தார்கள்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை சார். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்."

"அப்படியானால் யாரை மிரட்டிப் பிடுங்கினான்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் 'ராபரி'யை அடித்துவிட்டு 'பர்க்ளரி' என்று எழுதினார். நான் புரியாமல் நின்றதைப் பார்த்து, அகராதியில் பொருளைப் பார்க்காதே, பொருள் எப்படிக் கைமாறியது என்று பார், என்றார். இத்தனை வருடங்களில் இந்த விஷயத்தில் எனக்கு அதைவிட உதவிய வாக்கியம் வேறில்லை.

நம் 'கொள்ளை' அளவைச் சொல்கிற சொல். கொள்ளை அழகு, கொள்ளை ஆசை என்கிறோம். ஆகவே நிறையப் போனால் கொள்ளை, கொஞ்சம் போனால் திருட்டு என்று செய்தி எழுதுகிறோம். ஆங்கில 'ராபரி' அளவைப் பார்ப்பதில்லை. கத்தியைக் காட்டி 10 ரூபாய் பிடுங்கினாலும் ராபரிதான். யாரும் இல்லாத நேரத்தில் ஒரு கோடியை அள்ளிப்போனாலும் அது ராபரி ஆகாது. எதிரே ஒரு மனிதர் இருக்க வேண்டும், அவர் மேல் கையோ மிரட்டலோ விழுந்திருக்க வேண்டும்.

அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இது இருக்கிறது. 'ராப்' என்ற வினையும், அங்கியைக் குறிக்கும் 'ரோப்' என்ற சொல்லும் ஒரே பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. வீழ்ந்த எதிரியின் உடம்பிலிருந்து உரித்தெடுத்த ஆடைதான் முதலில் அந்தப் பெயரைப் பெற்றது. திருடுவதைச் சொல்லும் 'ஸ்டீல்' நேர் எதிர். அதற்குள் இருப்பது ஒளிவு. ரேடார் கண்ணில் சிக்காத போர் விமானத்தை 'ஸ்டெல்த்' விமானம் என்கிறார்களே, அந்த 'ஸ்டெல்த்' இதன் உடன்பிறந்த சொல். அதனால்தான் ஓசைப்படாமல் அறையைவிட்டு நழுவுவதற்கும், யாரும் பார்க்காதபோது ஒரு பார்வை பார்ப்பதற்கும் ஆங்கிலம் 'ஸ்டீல்' என்றே சொல்கிறது.

தமிழருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஊரறியாத காதலுக்கு அக இலக்கணம் வைத்த பெயரே களவு. தொல்காப்பியத்தில் அதற்கென்று ஓர் இயலே உண்டு. மறைவு என்ற ஒரே நூலில் திருட்டையும் காதலையும் கோத்துப் பார்க்க இரண்டு மொழிகளுக்கும் தோன்றியிருக்கிறது.

இந்த இரண்டு வினைகளிலும் நாம் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இலக்கணம். 'ஸ்டீல்' செய்யப்படுவது பொருள். 'ராப்' செய்யப்படுவது ஆள், அல்லது வங்கி, கடை. பர்ஸை 'ராப்' செய்தான் என்று எழுதினால் அந்தப் பர்ஸையே மிரட்டியதுபோல ஆகிவிடும். என்னை 'ஸ்டீல்' செய்தான் என்றால் என்னையே தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று பொருள். தமிழிலும் 'என்னைத் திருடினான்' என்றால் காதல் கதைதானே, புகார் மனு இல்லையே.

இனி 'பர்க்ளரி'. பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் இது மிகக் குறுகிய குற்றம். குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், இரவாக இருக்க வேண்டும், உடைத்து நுழைந்திருக்க வேண்டும், உள்ளே பெருங்குற்றம் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். பகலில் நுழைந்தால் அது வேறு குற்றம். மனிதன் தூங்கும்போது அவன் வீடு அவனைக் காக்க வேண்டும் என்ற நினைப்பு இதற்கு அடியில் இருக்கிறது. நம்மிடம் 'கன்னம் வைத்தல்' என்று ஒரு சொல் இருந்தது. கன்னக்கோலால் சுவரில் துளை போட்டு உள்ளே புகுவது. இருட்டும் சுவரும் சேர்ந்த அந்தச் சொல்லைவிடப் பொருத்தமான இணை பர்க்ளரிக்குக் கிடைக்காது. இன்று யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் இரவு என்ற நிபந்தனையை வைக்கவில்லை. திருடும் எண்ணத்தோடு அத்துமீறிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே அங்கே பர்க்ளரி.

இதெல்லாம் அகராதிக்காரர்களின் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் 'பர்க்ளரி பாலிசி' விற்கிறார்கள். சரக்கைப் பறிகொடுத்த ஒரு வியாபாரியின் வழக்கு நுகர்வோர் ஆணையங்களைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல் தீர்ப்பு வந்தது. பாலிசியில் உள்ளபடி, வலுவந்தமாக உடைத்து நுழைந்த பிறகு நடந்த திருட்டுக்குத்தான் இழப்பீடு. சரக்கு காணாமல் போனது மட்டும் போதாது, என்றது நீதிமன்றம். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவர் ஒரு சொல்லின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டார். உங்கள் கடைக்குப் பாலிசி இருந்தால் இன்றே எடுத்து, 'பர்க்ளரி' என்ற சொல்லுக்கு அதில் என்ன விளக்கம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'தெஃப்ட்', அதாவது உடைப்பு இல்லாத சாதாரணத் திருட்டு, தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கையில் கொடுத்ததைத் திருட முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பழைய ஆங்கிலச் சட்டத்தில் திருட்டுக்குப் பெயர் 'லார்செனி'. அடுத்தவர் வசம் இருக்கும் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுத்துக்கொண்டு போவது. சரி, நாமே ஒருவர் கையில் கொடுத்த பொருளை அவர் விழுங்கிவிட்டால்? அது அவர் வசம்தானே இருந்தது, அவர் எங்கே 'எடுத்தார்'? இந்த ஓட்டையை அடைக்க அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு புதுப் பெயர் தேவைப்பட்டது.

1473இல் ஒரு வழக்கு. சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு வண்டிக்காரரிடம் சரக்கு மூட்டைகளை ஒப்படைத்தார்கள். அவர் வேறெங்கோ கொண்டுபோய், மூட்டைகளைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டார். நீதிபதிகள் நெடுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் வந்த முடிவு இது: அவரிடம் ஒப்படைக்கப்பட்டது மூட்டைதான், மூட்டையைப் பிரித்த கணத்தில் ஒப்பந்தம் முறிந்தது, உள்ளே இருந்ததை எடுத்தது திருட்டு. அப்படியானால் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே விற்றிருந்தால்? அந்தத் தர்க்கப்படி அது திருட்டு ஆகாது.

1779இல் இன்னொன்று. லண்டனில் ஒருவர் ஒருநாள் வாடகைக்குக் குதிரை எடுத்தார். பக்கத்து ஊருக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே சந்தையில் விற்றுவிட்டார். குதிரையைக் கொடுத்தது உரிமையாளரேதான். ஆனால் வாங்கும்போதே விற்கும் எண்ணம் இருந்ததால், அந்தக் கொடுப்பு கொடுப்பே இல்லை என்றார்கள். 'தந்திரத்தால் நடந்த லார்செனி' என்ற பெயர் இங்கிருந்து நிலைத்தது.

1799இல் பேஸ்லி வழக்கு. ஒரு வங்கிக் குமாஸ்தா. வாடிக்கையாளர் அனுப்பிய பணத்தை வாங்கிக் கணக்கில் வரவு வைத்தார். அதிலிருந்த 100 பவுண்டு நோட்டு ஒன்றை மட்டும் பெட்டியில் போடாமல் தன் பையில் போட்டுக்கொண்டார். நீதிபதிகள் கையைப் பிசைந்தார்கள். அந்த நோட்டு வங்கியின் பெட்டிக்குள் போகவே இல்லை, வங்கி வசம் வந்ததே இல்லை. வராத பொருளை வங்கியிடமிருந்து எப்படித் திருடியிருக்க முடியும்? அவர் தப்பித்தார். அதே வருடம் நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. குமாஸ்தாக்களும் வேலைக்காரர்களும் முதலாளிக்காக வாங்கிய பணத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டால், அது 'எம்பெஸில்மென்ட்'.

இதற்குத் தமிழில் இருக்கும் சொல்லைப் பாருங்கள்: கையாடல். பணம் ஏற்கெனவே கையில்தான் இருக்கிறது, கைதான் ஆடிவிட்டது. 1473 முதல் 1799 வரை ஆங்கில நீதிபதிகள் தேடிக்கொண்டிருந்த வேறுபாட்டை இந்த ஒரே சொல் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே 'எம்பெஸில்' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் 'திருடினார்' என்று மொழிபெயர்க்காதீர்கள். கூட்டுறவுச் சங்கச் செயலாளர் சங்கப் பணத்தை எடுத்தால் கையாடல். சங்கத்தின் ஜன்னல் வழியாக வெளியாள் எடுத்தால் திருட்டு.

தானே கொடுத்தவர்

அடுத்த படி இன்னும் வலிக்கிறது. பொருளை யாரும் எடுக்கவில்லை. இழந்தவரே மனமுவந்து கொடுத்தார், பொய்யை நம்பி. இதுதான் 'சீட்டிங்'. இங்கே வினை திரும்பவும் ஆளின் மேல் ஏறுகிறது. பொருளை 'சீட்' செய்ய முடியாது, மனிதரைத்தான் முடியும்.

இந்தச் சொல் வந்த வழி ஒரு தனிக் கதை. வாரிசில்லாமல் ஒருவர் இறந்தால் அவர் நிலம் பிரபுவுக்கோ அரசருக்கோ போகும். அதற்குப் பெயர் 'எஸ்சீட்'. அதைக் கவனிக்கும் அதிகாரிகள் வாரிசு இருக்கும் நிலத்திலும் கை வைத்ததால் ஊர் அவர்களை வெறுத்தது. அந்த வெறுப்பில் சொல்லின் தலை தேய்ந்து 'சீட்' ஆனது.

'ஸ்விண்டில்' ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேரில் தலைசுற்றல் இருக்கிறது. பெரிய பெரிய திட்டங்களைச் சொல்லித் தலைசுற்ற வைத்துப் பணம் கறப்பவர் 'ஸ்விண்ட்லர்'. கூட்டம் போட்டு, வண்ணப் புத்தகம் கொடுத்து, மாதம் இத்தனை சதவீதம் என்று சொல்லும் நிதி நிறுவனங்களை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் பொருந்தும். 'கான்' என்பது 'கான்ஃபிடன்ஸ்' என்ற சொல்லின் சுருக்கம். 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ப்சன் என்பவர் பிடிபட்டார். நன்றாக உடுத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் சிநேகமாகப் பேசுவார். அப்புறம், உங்கள் கடிகாரத்தை நாளைவரை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என் மேல் நம்பிக்கை உண்டா, என்று கேட்பார். கொடுத்தார்கள். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் 'கான்ஃபிடன்ஸ் மேன்'. நம் 'நம்பிக்கை மோசடி'யும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. நம்பிக்கை மோசடி சட்டத்தில் கையாடல் பக்கம் நிற்கிறது. 'கான்' ஏமாற்று பக்கம் நிற்கிறது.

'ஃப்ராடு' இவற்றுக்கெல்லாம் குடை. சட்டத்திலும் கணக்குத் தணிக்கையிலும் புழங்கும் கனமான சொல். ஆளைச் சுட்டி 'அவன் ஒரு ஃப்ராடு' என்று நாம் சொல்லும்போது பணம் தின்றவன் என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு முதலில் தோன்றும் பொருள் போலி ஆசாமி, தான் சொல்லிக்கொள்வது எதுவோ அது அல்லாதவன். காசு எதுவும் வாங்காத போலி டாக்டரும் ஃப்ராடுதான். 'டிசீவ்' செய்வதற்கும் காசு தேவையில்லை, பொய்யை உண்மையென நம்ப வைத்தாலே போதும். 'ஹூட்விங்க்' தலைமுக்காட்டை இழுத்துக் கண்ணை மூடுவது. நாம் கண்ணில் மண்ணைத் தூவுகிறோம். 'ஃப்ளீஸ்' ஆட்டின் மயிரை ஒட்டக் கத்தரிப்பது. நாம் மொட்டை அடிக்கிறோம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு 'சீட்டிங்' வழியே சொத்தைக் கொடுக்கச் செய்வதற்கு உரியதாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 318ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. பேச்சில் இன்னும் நானூற்றிருபதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெரியம்மாவுக்கு ஒரு மதியம் போன் வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல், கார்டு முடங்கப்போகிறது என்று பயமுறுத்தி ஓடிபியை வாங்கிக்கொண்டது. ஓய்வூதியப் பணம் போய்விட்டது. வங்கிக்குப் போய், "திருடிட்டாங்க தம்பி" என்றார். கவுன்ட்டரில் இருந்தவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "திருடலைம்மா, நீங்கதான் கொடுத்திருக்கீங்க." பெரியம்மா அதற்கப்புறம் பேசவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்.

வீட்டில் திருட்டுப் போனவர் யாரும் அப்படி மறைப்பதில்லை. காரணம் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. திருட்டுக் கொடுத்தவருக்கு எந்த மொழியும் இழிபெயர் வைத்ததாக நான் பார்த்ததில்லை. ஏமாந்தவருக்குத்தான் பெயர்கள்: ஏமாளி, இளிச்சவாயன். ஆங்கிலத்தில் 'டியூப்'; அது அசட்டுப் பறவை என்று பிரெஞ்சுக்காரர்கள் கருதிய கொண்டலாத்தியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 'சக்கர்', 'கல்' என்று இன்னும் உண்டு. குற்றவாளியின் திறமைக்கு ஒரு சொல், பாதிக்கப்பட்டவரின் முட்டாள்தனத்துக்கு ஒரு சொல் என்று மொழி பங்கு பிரித்துவிட்டது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

பணம் திரும்பி வருவதும் இந்தக் கோட்டைப் பொறுத்தே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட சுற்றறிக்கை இப்படிப் பிரித்தது: வங்கியிடமும் உங்களிடமும் தப்பில்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போய், அதை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு இழப்பில்லை. நீங்களே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் நிமிடம் வரை போன பணம் உங்கள் இழப்பு. 1779இன் குதிரைக்காரர் கதைதான் இது: பொய்யால் பெற்ற கொடுப்பு கொடுப்பாகுமா? பிரிட்டன் இப்போது 'ஆகாது' என்ற பக்கம் நகர்ந்திருக்கிறது. ஏமாந்து தாமே அனுப்பிய பணத்தையும் 2024 அக்டோபர் 7 முதல், சில விலக்குகள் தவிர, 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித்தர வேண்டும்.

'சீட்டிங்' தேர்வு அறைக்குள் போனால் பொருள் மாறிவிடும். தேர்வில் 'சீட்' செய்தான் என்றால் தமிழில் காப்பியடித்தான், பிட் அடித்தான். 'ஏமாற்றினான்' என்று எழுதினால் யாரை என்ற கேள்வி தொங்கும். 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கைப்பற்றினார். தாளை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை, படித்துவிட்டுத் திரும்ப வைக்கவே நினைத்தார். திருட்டுக்கு நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும். தாளில் அது இல்லை. தாளில் இருந்த ரகசியமோ சட்டப்படி 'சொத்து' அல்ல. திருட்டு இல்லை என்றது நீதிமன்றம். அவர் செய்தது 'சீட்டிங்' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் 'ஸ்டீலிங்' இல்லை.

சில்லறைத் திருட்டுச் சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். 'பில்ஃபர்' சிறுகச் சிறுக, அடிக்கடி எடுப்பது. அலுவலகப் பேனா, ஓட்டல் சர்க்கரை. 'நிக்', 'பின்ச்', 'ஸ்வைப்' எல்லாம் நம் 'சுட்டுட்டான்', 'லவட்டிட்டான்', 'ஆட்டையைப் போட்டான்' வரிசை. 'கட்பர்ஸ்' மட்டும் ஒரு நிமிடம் நிறுத்துகிறது. இடைக்கச்சையில் பணப்பை தொங்கிய காலத்தில் அதை அறுத்தவன் அவன். உடையோடு பை தைத்த பிறகு 'பிக்பாக்கெட்' வந்தான். நம் ஊரில் வேட்டி முனையிலும் முந்தானையிலும் காசை முடிந்து வைத்தோம். ஆகவே நமக்கு முடிச்சவிழ்க்கி. 'ஷாப்லிஃப்டிங்' கேட்க மென்மையாக இருக்கும். இங்கிலாந்தில் 1699இல் வந்த சட்டப்படி கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளை எடுத்தால் மரண தண்டனை. தூக்கிலிருந்து காப்பாற்றுவதற்காக ஜூரிகள் பொருளின் மதிப்பை வேண்டுமென்றே குறைத்துச் சொன்ன வழக்குகள் ஏராளம்.

கடைசியாக, நம் பக்கத்திலிருந்து அங்கே போன சொற்கள். 'டக்காய்ட்டி' இந்தியிலிருந்து எடுத்தது. நம் தண்டனைச் சட்டத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அடிக்கும் கொள்ளை. 'தக்' வழிப்போக்கரை நம்பவைத்துக் கழுத்தை நெரித்தவர்களின் பெயர். இன்று ஆங்கிலத்தில் வெறும் ரவுடி. 'லூட்' 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. போர், கலவரம், வெள்ளம் என்று ஒழுங்கு குலைந்த நேரத்தில் அள்ளுவதுதான் 'லூட்'. சாதாரண நாளில் கடையில் திருடுவதற்கு அது பொருந்தாது.

ஆனால் ஒரு படை எடுப்பதற்கு வேறு சொல் உண்டு: 'ப்ரைஸ்'. பரிசைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அதே ஓசை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அன்றிரவு பிரிட்டிஷ் படையின் சிப்பாய்கள் ஊரைச் சூறையாடினார்கள். மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி சிலரைத் தூக்கிலிட்டும் கசையடி கொடுத்தும் அதை அடக்கினார். அவர்கள் செய்தது 'ப்ளண்டர்'. அதன் பிறகு அதே அரண்மனையின் கருவூலத்தை ஒரு குழு கணக்கெடுத்து, தளபதி முதல் சிப்பாய் வரை பதவிக்கேற்றபடி பங்கு பிரித்தது. அது 'ப்ரைஸ் மணி'.

லண்டனில் ஒரு குமாஸ்தாவின் பையில் விழுந்த 100 பவுண்டுக்குப் பெயர் தேடி நாடாளுமன்றம் சட்டம் போட்ட அதே 1799. வெள்ளைக்காரனைக் கடிக்கும் திப்புவின் மரப்புலி பின்னர் கப்பல் ஏறியது. இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் பற்றி எதை மொழிபெயர்க்க வந்தாலும் 'ப்ரைஸ்' என்ற சொல்லுக்கு நேரே நான் 'கொள்ளைப்பொருள்' என்றே எழுதுகிறேன். மூத்த ஆசிரியர் சொல்லிக்கொடுத்த கேள்வியை அங்கேயும் கேட்டுப் பார்த்துத்தான்.